‘குழம்பு வகைகள்’ என்ற ஃபோல்டர்

ஜூன் 3, திங்கள்

டிசைன் செக்‌ஷனில் ஒரு ஹார்ட் டிஸ்க் செத்துவிட்டது. இரண்டு வருஷத்து பம்ப் வரைபடங்கள் அதோடு போயின. ஜெனரல் மேனேஜர் நஞ்சப்பன் சார் என்னை மேலே கூப்பிட்டார். ‘ஏம்மா கோகிலவாணி, நீ எதுக்கு இங்க இருக்கறே?’ என்று கேட்டார். நான் மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்த வழியை மறுபடி சொன்னேன். இன்றைக்குத்தான் அவர் காதில் விழுந்தது.

வழி எளிது. ஆபீஸில் இருக்கும் நாற்பத்தொரு கம்ப்யூட்டர்களிலும் டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டர்கள் இரண்டையும் சர்வருக்குத் திருப்பிவிடுவது. ஆட்கள் எப்போதும்போல் ஃபைலைத் திறப்பார்கள், சேமிப்பார்கள். தங்கள் மேஜைக்குக் கீழே இருக்கும் பெட்டியில்தான் எல்லாம் இருக்கிறது என்று நினைப்பார்கள். உண்மையில் எல்லாம் மாடியில், என் அறையை ஒட்டிய ஏசி அறையில் இருக்கும். தினமும் சாயந்திரம் அதற்கு ஒரு நகல் எடுத்து வைப்பேன். எந்த டிஸ்க் செத்தாலும் கவலையில்லை.

‘இதை ஒழுங்கா முடிச்சுக் குடு. உன்னைப் பர்மனென்ட் பண்றதப் பத்திப் பேசலாம்’ என்றார்.

ஆறு வருஷமாக கான்ட்ராக்ட். அடையாள அட்டை கூட எனக்கு வேறு நிறம்.

ஜூன் 5, புதன்

இந்த ஏற்பாட்டில் ஒரு டிக் உண்டு. அதைப் போட்டிருந்தால், யாருடைய ஃபோல்டரோ அவரைத் தவிர வேறு யாரும் அதைத் திறக்க முடியாது, நான்கூட. சாஃப்ட்வேர் கம்பெனிக்காரர்கள் அதைப் போட்டே கொடுத்திருக்கிறார்கள். நஞ்சப்பன் சாரிடம் இதைப் பெருமையாக விளக்கினேன்.

‘அதை எடுத்துரு’ என்றார்.

‘சார், அவங்கவங்க சொந்த விஷயம்...’

‘கம்பெனி கம்ப்யூட்டர்ல சொந்த விஷயம் என்ன இருக்குது?’

நியாயமான கேள்விதான். எடுத்துவிட்டேன். ஒரு க்ளிக்.

ஜூன் 7, வெள்ளி

டிஸ்பேட்ச், ஸ்டோர்ஸ், பர்ச்சேஸ் முடிந்தது. எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். எங்க ஃபைலை வேறு யாராவது பார்க்க முடியுமா? முடியாது என்கிறேன். ஒவ்வொருவருக்கும் டிக் விவகாரத்தை விளக்கிக்கொண்டிருந்தால் ஆடி வரைக்கும் ஆகும்.

ஐந்து நாளைக்குப் பிறகு இன்று குழாயில் தண்ணீர் வந்தது. அம்மாவும் நானும் ஒன்பது குடம், இரண்டு டிரம் பிடித்தோம். முதுகு வலி.

ஜூன் 10, திங்கள்

சர்வீஸ் செக்‌ஷன். அங்கே தமயந்தி அக்கா மட்டும்தான். பம்ப் வாங்கியவர்கள் எழுதும் புகார்க் கடிதங்களைப் படித்து, பதிவு செய்து, மெக்கானிக் அனுப்புவது அவர் வேலை. பத்தொன்பது வருஷமாக அதே நாற்காலி. மதியம் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் சாப்பிடுவோம். நான் சேர்ந்த புதிதில் கான்ட்ராக்ட் ஆள் என்று யாரும் பக்கத்தில் உட்காரவில்லை, அவர்தான் டிபன் பாக்ஸைத் தள்ளி வைத்து இடம் கொடுத்தார்.

‘என்ற பெட்டியை மட்டும் விட்டுரு வாணி. எனக்கு இதெல்லாம் பழகாது’ என்றார்.

விட முடியாது. நாற்பது முடித்தேன் என்று மேலே போய்ச் சொல்ல முடியுமா? அவருடைய பெட்டியில் காதை வைத்துப் பார்த்துவிட்டு, ‘அக்கா, டிஸ்க் கடகடங்குது. இன்னும் பத்து நாள் தாங்குமோ என்னமோ’ என்றேன். கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. டிஸ்க்குக்காக இவ்வளவு பயப்படும் ஆளை நான் பார்த்ததில்லை.

‘வேற யாரும் பாக்க மாட்டாங்கல்ல?’

‘உங்களைத் தவிர யாரும் திறக்க முடியாதுங்க அக்கா.’

‘நீ சொன்னாச் சரி’ என்று எழுந்து நாற்காலியைக் கொடுத்தார். நாலு நிமிஷத்தில் எல்லாம் சர்வருக்கு வந்துவிட்டது. அவருடைய பெட்டி காலி.

ஜூன் 12, புதன்

நாற்பத்தொன்றும் முடிந்தது. கேன்டீனில் ஒருத்தர்கூடப் பாராட்டவில்லை.

ஜூன் 14, வெள்ளி

ஃபைல்கள் சரியாக வந்திருக்கின்றனவா என்று பார்ப்பதும் என் வேலைதான். திறந்து பார்க்காமல் எப்படிச் சரி என்று சொல்வது?

ஸ்டோர்ஸ் தேவராஜ் கல்யாண புரோக்கருக்கு அனுப்பும் ஜாதகக் குறிப்பில் வயதை முப்பத்தொன்று என்று போட்டிருக்கிறார். அவருடைய ஆதாரின்படி முப்பத்தைந்து. ரிசப்ஷனில் இருக்கும் பெண் வேறு மூன்று கம்பெனிகளுக்கு விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறாள். பர்ச்சேஸ் மேனேஜர் தன் தம்பிக்கு எழுதி அனுப்பாமல் விட்ட கடிதங்கள் பதினேழு. பதினேழையும் படித்தேன். மழை பெய்துகொண்டிருந்தது, நேரம் போனதே தெரியவில்லை.

ஜூன் 17, திங்கள்

பிரிண்டர் ஓடவில்லை என்று தேவராஜ் எல்லோர் முன்னாலும் கத்தினார். ‘சிஸ்டம் பாக்கறதுக்கு வக்கில்லாத ஆளையெல்லாம் வேலைக்கு வெச்சா இப்படித்தான்’ என்றார். நான் பேப்பரை எடுத்து மறுபடி செருகிக்கொண்டே, ‘முப்பத்தஞ்சு வயசுல இத்தனை கோவம் ஆகாதுங்க’ என்றேன்.

நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கையிலிருந்த காகிதத்தை அப்படியே போட்டுவிட்டுப் போனார். அப்புறம் நாள் முழுக்க என் பக்கம் வரவில்லை.

பிரிண்டரில் பழுது ஒன்றும் இல்லை.

ஜூன் 19, புதன்

அம்மா தட்டப்பயறு குழம்பு கேட்டுக்கொண்டே இருக்கிறாள். தமயந்தி அக்காவின் தட்டப்பயறு குழம்பு ஆபீஸில் பிரசித்தம். அவருடைய ஃபோல்டர்களில் ‘குழம்பு வகைகள்’ என்று ஒன்று இருந்தது. அதைத்தான் திறந்தேன். குழம்புக்காகத்தான்.

உள்ளே பதினோரு ஃபைல்கள். ஒன்றுகூடச் சமையல் இல்லை. எல்லாம் ஸ்கேன் செய்த புகார்க் கடிதங்கள். பதினொன்றும் ஒரே மாடல் மோட்டாரைப் பற்றி, பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வந்தவை. கடைசிக் கடிதம் அன்னூர்ப் பக்கத்திலிருந்து சென்னியப்பன் என்ற விவசாயி, ஏப்ரல் 9ஆம் தேதி எழுதியது. ‘மோட்டாரைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறது. வீட்டில் பெண்டு பிள்ளைகள் போய்ப் போடுகிறார்கள். தயவுசெய்து ஆள் அனுப்பவும்.’

கீழே அக்காவின் கையெழுத்தில், ‘பதினோராவது புகார். இந்த மாடலை எல்லாம் திரும்ப வாங்கிவிடலாமா?’

அதற்குக் கீழே பச்சை மையில் நஞ்சப்பன் சார், ‘சீசன் முடியட்டும். யாருக்கும் பதில் போட வேண்டாம்.’

மூன்று வாரம் கழித்து அந்தச் சென்னியப்பன் மோட்டாரைத் தொட்டுச் செத்துப்போனதாக மே மாதம் ஆபீஸில் பேச்சு அடிபட்டது. வயரிங் அவருடைய தப்பு, நமக்குப் புகாரே வரவில்லை என்று கம்பெனியில் சொன்னார்கள். அந்த வாரம்தான் சர்வீஸ் செக்‌ஷனின் காகிதக் கட்டுகளை எல்லாம் தணிக்கைக்கு என்று மேலே எடுத்துக்கொண்டு போனார்கள். திரும்பி வரவில்லை. அதற்கு முன்பே அக்கா ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்.

ஃபோல்டரை மூடிவிட்டேன். அம்மாவுக்கு ரசம் வைத்தேன்.

ஜூன் 20, வியாழன்

சாப்பிடும்போது அக்கா தானாகவே சொன்னார். நான் ஒன்றும் கேட்கவில்லை.

‘அந்த அன்னூர்க்காரரு சம்சாரம் கேட்டுக்கு வந்துச்சு வாணி. ரங்காத்தாள்னு பேரு. எங்க வூட்டுக்காரரு உங்களுக்குக் காயிதம் போட்டாருங்க, அதைக் குடுங்கன்னு வாட்ச்மேன்கிட்ட கெஞ்சீட்டு நின்னுச்சு. வெயில்ல ரெண்டு மணி நேரம். நான் ஜன்னல்ல பாத்துட்டே உக்காந்திருந்தேன்.’

‘அப்புறம்?’

‘என்கிட்ட இருக்குது அது. காப்பி எடுத்து வெச்சிருக்கறேன்.’ குரலைத் தாழ்த்தினார். ‘இருவத்தாறாந் தேதி கரண்ட் ஆபீசுலிருந்து விசாரணைக்கு வர்றாங்களாமா. அன்னிக்குக் குடுத்தர்லாம்னு இருக்கறேன். பென்டிரைவ்ல போட முடியல, செருகினா வேலை செய்ய மாட்டேங்குது. செவ்வாக்கெழமை நீ ஒரு பிரிண்டு போட்டுக் குடுப்பியா?’

பென்டிரைவ் ஓட்டைகளைப் போன வாரம் நான்தான் அடைத்தேன், எல்லோருக்கும்.

‘போட்டுத் தர்றேங்க அக்கா’ என்றேன்.

‘உன்கிட்டச் சொன்னதுக்கப்புறம்தான் சோறு எறங்குது’ என்று சிரித்தார்.

ஜூன் 21, வெள்ளி

நஞ்சப்பன் சார் கேட்டார். சொன்னேன்.

சரியாக எழுத வேண்டும். வேலை முடிந்தது என்ற அறிக்கையை எடுத்துக்கொண்டு நான்தான் மேலே போனேன். பர்மனென்ட் பற்றி நினைவுபடுத்தினேன். ‘பாக்கலாம், பாக்கலாம்’ என்று ஃபைலை மூடினார். பிறகு, ‘வேற ஏதாச்சும் உண்டா?’ என்றார். எல்லோரிடமும் கடைசியில் கேட்கிற கேள்விதான் அது. கேட்டால் பதில் சொல்ல வேண்டுமல்லவா?

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ‘உக்காரும்மா’ என்றார். ஆறு வருஷத்தில் அந்த அறையில் நான் உட்கார்ந்தது இன்றுதான்.

ஜூன் 24, திங்கள்

பதினொரு மணிக்கு அக்கா டெஸ்டிங் பக்கம் போவார். கம்ப்யூட்டரைப் பூட்டிவிட்டுப் போகும் பழக்கம் இல்லை. பல தடவை சொல்லியிருக்கிறேன்.

11.14. அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து, அவருடைய கணக்கிலிருந்தே அழித்தேன். சர்வர் பக்கமிருந்து அழித்தால் என் பெயர் பதிவாகும். இப்படிப் போனால்தான் சுத்தம். நாற்காலியில் அவர் போட்டிருக்கும் சின்னத் தலையணை இருந்தது. முதுகுக்கு இதமாக இருந்தது.

பிறகு என் அறைக்கு வந்து நகலிலிருந்தும் அழித்தேன். இந்த இரண்டு வாரமும் அந்தக் கணக்குக்கு மட்டும் நகல் பிழையாகிவிட்டது என்று குறித்து வைத்தேன். பிழையாவது உண்டுதான்.

ஜூன் 25, செவ்வாய்

காலையிலேயே ஓடி வந்தார். மாடிப்படி ஏறி மூச்சு வாங்கியது.

‘வாணி, காணோம். அந்த ஃபோல்டரு காலியாக் கெடக்குது.’

‘பதறாதீங்க அக்கா. எங்க போயிருக்கும்? தேடலாம்.’

முக்கால் மணி நேரம் தேடினேன். ஒவ்வொரு பெயராகப் போட்டுத் தேடினேன். சர்வரைத் திறந்து காட்டினேன், நகலைத் திறந்து காட்டினேன். அவர் என் தோளுக்குப் பின்னால் குனிந்து நின்றுகொண்டே இருந்தார். என் கழுத்தில் அவருடைய மூச்சு பட்டது. ஒவ்வொரு தடவையும் ஒன்றும் இல்லை என்று திரையில் வரும்போது, ‘இன்னொருக்காப் பாரு கண்ணு’ என்றார். இன்னொரு தடவை பார்த்தேன்.

கடைசியில் பதிவைத் திறந்தேன். ‘அக்கா, நேத்துப் பதினொண்ணே காலுக்கு உங்க கம்ப்யூட்டர்லிருந்தே அழிஞ்சிருக்குது. உங்க பேருலதான் வருது.’

‘நானா?’

‘வேற எதையோ அழிக்கப்போயி கை பட்டிருக்கும். எல்லாருக்கும் நடக்கறதுதான்.’

‘பதினொரு மணிக்கு நான் டெஸ்டிங்குல இருப்பனே.’ யோசித்தார். ‘நேத்து லேட்டாப் போனனோ? போன் வந்துதுல்ல...’ தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ‘இந்தக் கையிதான்’ என்றார். அப்புறம் படியில் உட்கார்ந்து அழுதார்.

தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஜூன் 26, புதன்

அக்கா வெறும் கையோடு போய் விசாரணை அதிகாரியிடம் வாயால் சொல்லிவிட்டார். பதினோரு கடிதம் வந்தது, என் கண்ணால் பார்த்தேன், ஜி.எம் எழுதியதையும் பார்த்தேன் என்று. ‘காகிதம் இருக்கிறதா அம்மா?’ என்று அதிகாரி கேட்டாராம். இல்லை என்றாராம். நஞ்சப்பன் சார் பொறுமையாகச் சொன்னாராம், இந்த அம்மாவுக்குக் கொஞ்ச நாளாக மனசு சரியில்லை என்று.

மூன்று மணிக்கு அக்காவின் சஸ்பெண்ட் கடிதம் தட்டச்சானது. பிரிண்டர் மக்கர் பண்ணியது. என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

ஜூலை 3, புதன்

அக்கா மீது உள் விசாரணை. கம்பெனி ஆவணங்களை அழித்தார் என்பது குற்றச்சாட்டு. என் அறிக்கைதான் ஆதாரம். ஒரு பக்கம், தேதி, நேரம், கணக்கு, பதினோரு ஃபைல்கள்.

‘அதெல்லாம் பொகார்க் கடுதாசிங்க சார்’ என்றார் அக்கா.

‘அதுக்கு ஆதாரம்?’

ஆதாரம் இல்லை. அழிந்தது என்ன என்று யாருக்கும் தெரியாது. அழித்தது யார் என்று மட்டும் காகிதத்தில் இருக்கிறது. சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும் என்று நினைத்தேன், என்னிடம் இரண்டே கேள்விதான் கேட்டார்கள்.

வெளியே வந்ததும் அக்கா என் அருகில் வந்தார். என்னமோ சொல்லப்போகிறார் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

‘நீ மொகத்தைத் தூக்கி வெச்சுக்காத வாணி. பதிவுல என்ற பேரு இருக்குது, இருக்கறதச் சொன்னே. உன்ற மேல தப்பு இல்ல’ என்றார். ‘எனக்குத்தான் கொஞ்ச நாளா எல்லாமே மறக்குதாட்ட இருக்குது. நேத்து அடுப்ப அணைக்காமயே கோயிலுக்குப் போயிட்டேன். ஒரு டாக்டரப் பாக்கோணும்.’

ஜூலை 5, வெள்ளி

பர்மனென்ட் ஆர்டர் வந்தது. அடையாள அட்டை நீல நிறம்.

ஜூலை 8, திங்கள்

அக்காவை வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள். அவர் மேஜையைக் காலி செய்ய வரவில்லை. அவருடைய கணக்கை மூடி, ஃபோல்டர்களை அழித்து, சர்வரில் இடத்தைச் சுத்தம் செய்தேன். மதியம் தனியாகச் சாப்பிட்டேன். தேவராஜ் தட்டை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய் உட்கார்ந்தார். எனக்கு ஒன்றும் இல்லை, அமைதியாகச் சாப்பிடலாம்.

ஜூலை 21, ஞாயிறு

காலை பத்து மணிக்கு வீட்டு வாசலில் ஒரு அம்மாள். ஐம்பது வயதிருக்கும். கையில் ஒயர் கூடை. ‘தமயந்தியம்மா அனுப்புனாங்கோ’ என்றார். ரங்காத்தாள்.

அம்மா உள்ளே கூப்பிட்டு மோர் கொடுத்தாள். கூடையிலிருந்து பாலிதீன் கவர், அதற்குள் துணி, அதற்குள் ஒரு செல்போன்.

‘காயிதத்தைப் போஸ்ட் பண்றதுக்கு முன்னால அவரு இதுல போட்டோ புடிச்சாருங்க. நாந்தேன் காயிதத்தைத் தூக்கிக் காட்டினேன். அன்னிக்கு... மோட்டார்ல கையி வெச்ச அன்னிக்கு இது அவரு சட்டைப் பையில இருந்துச்சு. அதுலிருந்து சார்ஜே ஏறமாட்டேங்குது. கடைக்காரனுங்க தூக்கிப் போடுங்கறானுங்க. தமயந்தியம்மாதேன் சொன்னாங்கோ, கம்ப்யூட்டரு படிச்ச தங்கமான புள்ள ஒண்ணு இருக்குது, அதுகிட்டக் குடுங்க, எப்படியாச்சும் எடுத்துக் குடுக்கும்னு.’

‘தமயந்தி எப்படி இருக்கறாங்க?’ என்று அம்மா கேட்டாள்.

‘வூட்டுக்காரரு ஸ்கூல் வேன் ஓட்டறாரில்லீங்களா, அதுல காவக்குப் போறாங்கோ. புள்ளைகள எண்ணி ஏத்தறது. எண்ணிக்கையே மறந்து மறந்து போகுதுன்னு திரும்பத் திரும்ப எண்ணுவாங்களாமா.’

போனை வாங்கி வைத்தேன். அடுத்த ஞாயிறு வரச் சொன்னேன்.

ஜூலை 23, செவ்வாய்

சார்ஜ் போடும் ஓட்டையில் துரு. ஸ்பிரிட் வைத்துத் துடைத்து, பேட்டரியை மாற்றினேன். பதினைந்து நிமிஷ வேலை. திரை எரிந்தது.

இருநூற்றுப் பன்னிரண்டு படங்கள். வாழைத்தார். வரப்பில் நின்று தன்னையே எடுத்துக்கொண்ட சென்னியப்பன். மழையில் நனைந்த ரங்காத்தாள், திட்டுவதுபோல் கையை ஓங்கிக்கொண்டு. பிறந்த கன்றுக்குட்டி, ஒரே கன்றுக்குட்டி பதினாறு படங்களில். கடைசிப் படம் கடிதம். எழுத்து தெளிவாக இருந்தது, தேதியோடு. காகிதத்தின் இரண்டு ஓரங்களிலும் அதைப் பிடித்திருக்கும் விரல்கள், நகத்தில் மண்.

நஞ்சப்பன் சாரிடம் சொல்லவில்லை. அவருக்கு இப்படி ஒரு போன் இருப்பதே தெரியாது. யாரும் கேட்கவில்லை. ஆனால் ஒரு கடிதம் வெளியே வந்தால் பதினொன்றும் எங்கே என்று கேட்பார்கள், அப்புறம் பதிவைப் பார்ப்பார்கள், நகலைப் பார்ப்பார்கள்.

அந்த ஒரு படத்தை மட்டும் அழித்தேன். போனுக்குள் இருக்கும் குப்பைக் கூடையிலிருந்தும் எடுத்தேன். மற்றவை எல்லாவற்றையும் அப்படியே விட்டேன். கன்றுக்குட்டிப் படங்கள் பதினாறையும் கூட. வேறு ஒருத்தியாக இருந்தால் போன் சரியாகவில்லை என்று சொல்லிக் குப்பையில் போட்டிருப்பாள்.

ஜூலை 24, புதன்

தூக்கம் சரியில்லை. ஏசி அறையில் சர்வர் சத்தம் அதிகமாக இருக்கிறது என்று சர்வீஸுக்கு எழுதினேன். வந்து பார்த்தவர் சத்தமே இல்லையே என்கிறார்.

ஜூலை 28, ஞாயிறு

ரங்காத்தாள் சொன்ன நேரத்துக்கு வந்தார். கூடை நிறையத் தட்டைக்காய்.

போனை இயக்கிக் கையில் கொடுத்தேன். திரையில் சென்னியப்பனின் முகம் வந்ததும் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். எப்படித் தள்ளிப் பார்ப்பது என்று காட்டிக் கொடுத்தேன். ஒவ்வொன்றாகத் தள்ளினார். கன்றுக்குட்டி வந்தபோது, ‘இது இப்பப் பால் கறக்குது கண்ணு’ என்றார். கடைசிக்கு வந்ததும் விரல் நின்றது. மறுபடி தள்ளினார். வேறு படம் இல்லை.

‘காயிதம் இல்லீங்களா?’

‘அது மட்டும் பதிவாகலீங்க அம்மா. முழுசும் தேடிப் பாத்துட்டேன்.’

திரையைப் புடவைத் தலைப்பால் துடைத்துப் பார்த்தார். அப்புறம், ‘ஆட்டாமப் புடி, ஆட்டாமப் புடின்னாரு. நாந்தேன் கையி ஆட்டீட்டனாட்ட இருக்குது’ என்றார்.

நான் சார்ஜர் ஒயரைச் சுற்றிக் கூடையில் வைத்தேன்.

‘கேசு போனாப் போச்சாது. மூஞ்சியக் காட்டிக் குடுத்துட்டியே, அது போதும்’ என்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். பிறகு, இந்தப் படங்கள் அழிந்து போகாமல் வேறு எங்காவது பத்திரமாக வைக்க முடியுமா என்று கேட்டார். இரண்டு பென்டிரைவில் நகல் போட்டு, மேலே பெயர் எழுதி, உறையிலிட்டுக் கொடுத்தேன். சரியாகப் போயிருக்கிறதா என்று இரண்டு தடவை சோதித்தேன்.

அம்மா அவரைச் சாப்பிட வைத்தாள். கிளம்பும்போது வாசலில் நின்று போனை வெளியே எடுத்தார்.

‘இத்தன பண்ணியிருக்கறே. உன்ற போட்டோ ஒண்ணு இதுல இருக்கோட்டும் கண்ணு. அவரு எடுத்ததுக்கு அடுத்தாப்புல.’

வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் தோன்றவில்லை. சுவரோரம் நின்றேன். இரண்டு கையாலும் போனைப் பிடித்து, அசையாமல் இருக்க மூச்சை அடக்கிக்கொண்டு, ‘சிரி கண்ணு’ என்றார்.

சிரித்தேன்.